விசேஷம் இல்லாத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

காலை 9.10க்கு அச்சகம் போய்ச் சேர்ந்தேன். 2026 தினசரிக் காலண்டர் வேலை இன்று தொடங்கியது. ஆடிப்பெருக்கன்று புது மாதிரி ஆல்பத்தைப் பூஜையில் வைத்துவிட வேண்டும். சிவகாசியில் அன்றிலிருந்துதான் அடுத்த ஆண்டு ஆர்டர் பிடிப்பார்கள். இந்த ஆண்டு அது ஆகஸ்ட் 3. சரியாக எட்டு வாரம் இருக்கிறது.

முதலாளி தவசிமுத்து இந்த முறை எல்லாவற்றையும் சாப்ட்வேருக்கு மாற்றுகிறார். ஜவுளிக்கடைக்காரரோ பாத்திரக்கடைக்காரரோ தன் செல்போனிலேயே சாமி படம் தேர்ந்தெடுத்து, கடைப் பெயரைப் போட்டு, எந்தத் தேதித் தாள் எப்படி வரும் என்று பார்த்துக்கொள்ளலாம். அதை எழுதுகிறவள் மாரீஸ்வரி. வயது 41. சென்னையில் பதினாறு ஆண்டு கம்பெனி வேலை பார்த்துவிட்டு, மாமியாருக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தவள்.

என் வேலை மாறவில்லை. முப்பத்துமூன்று ஆண்டு நிருபர் வேலை, அதன்பின் நான்கு ஆண்டாக இங்கே மெய்ப்பு. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தாள் மிஷினுக்குப் போகும்.

மாலை, திருத்தங்கல் வீட்டில் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு நாளைக்குப் பிறகு.

ஜூன் 12, வியாழன்

மாரீஸ்வரி தன் ஏற்பாட்டை விளக்கினாள். ஒரு நாளுக்கு ஒரு வரி. அந்த வரியில் பத்து விவரம்: தேதி, கிழமை, தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, விசேஷம், ராகு காலம், எமகண்டம், குளிகை, கடைசியில் ஒரு மருத்துவக் குறிப்பு. இரண்டு விவரத்துக்கு நடுவில் ஒரு நெட்டுக்கோடு. ஜோசியர் எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்துக் கற்பகம் டைப் செய்வாள். சாப்ட்வேர் ஒவ்வொரு கோட்டிலும் வெட்டி, டெம்ப்ளேட்டில் அந்தந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கும்.

"முன்னூத்தி அறுவத்தஞ்சு வரிதான் சார் டேட்டாபேஸ்ல இருக்கும். மத்ததெல்லாம் தானா வரும்."

"நான் எதைப் பார்க்கணும்?"

"டைப் பண்ணின வரியையும் பாருங்க, தாளாகி வந்ததையும் பாருங்க. ரெண்டு தரம்."

நல்ல ஏற்பாடு. இந்தப் பெண்ணிடம் அலட்டல் இல்லை. மதியம் தன் டப்பாவிலிருந்து பூண்டுத் துவையல் கொஞ்சம் என் இலையில் வைத்தாள், கேட்காமலே.

ஜூன் 17, செவ்வாய்

கற்பகம் டைப் செய்த வரிகளை அச்சடித்துக் கொடுத்தாள். ஜனவரியை மாரீஸ்வரி சோதனைக்காக ஏற்கெனவே ஏற்றிவிட்டாள். எனக்கு வந்தது பிப்ரவரி முதல் டிசம்பர் வரை. கற்பகம் பதினோரு ஆண்டாக இங்கே இருக்கிறாள், கைவேகம் அசாத்தியம். ஆனால் இந்த முறை பல வரிகளில் நெட்டுக்கோட்டை இரட்டையாகத் தட்டியிருக்கிறாள். கண்ணை உறுத்துகிறது. முதலில் எல்லாக் கோடும் இரட்டையாகத்தான் தெரிந்தது. தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தபோது திதிக்கும் ராகு காலத்துக்கும் நடுவில் மட்டும் இரட்டை என்று பிடிபட்டது. அச்சு மிஷினில் மை சரியில்லை.

அத்தனையிலும் ஒரு கோட்டை நீக்கும்படி சிவப்பு மையில் குறி போட்டுக் கொடுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு இடம்.

கற்பகம், "எல்லாத்துலயும் எடுத்துறவா சார்?" என்று கேட்டாள்.

"தேவையில்லாத கோடு எதுக்கும்மா?"

"நீங்க சொன்னா சரிதான் சார்."

ஜூன் 20, வெள்ளி

விசேஷம் ஒன்றுமில்லை. காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

தாளாகி வரத் தொடங்கிவிட்டது. ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு நாள். பிப்ரவரி முதல் டிசம்பர் வரை இருபத்தெட்டுத் தாள். சென்ற ஆண்டு ஒரு தாளுக்கு நாற்பது நிமிடம் எடுத்தவன் இப்போது பதினைந்து நிமிடத்தில் முடிக்கிறேன். அனுபவம்தான்.

இந்த டைரிக்காரன் பக்கத்தைச் சிறிதாக்கிவிட்டான். முன்பு ஒரு பக்கத்தில் இருபது வரி எழுதுவேன். இப்போது எட்டு வரியில் முடிந்துவிடுகிறது.

ஜூன் 29, ஞாயிறு

தனபாக்கியத்துடன் பஜாருக்குப் போய்வந்தேன். புது ரோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மேடு பள்ளம். அதனால் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து ஆண்டில் தெருவில் கையைப் பிடித்து நடந்தவள் இல்லை.

ஜவுளிக்கடை வாசலில் நின்ற ஒருவருக்கு வணக்கம் சொன்னேன். பதில் சொல்லவில்லை.

"பெரிய ஆளாயிட்டாரோ?" என்றேன்.

"அது சட்டை மாட்டி வச்சிருக்கிற பொம்மைங்க."

இவளுக்கு எப்போதும் கேலிதான்.

ஜூலை 3, வியாழன்

சாத்தூருக்குப் போகப் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். போர்டில் இப்போது விளக்கு எழுத்துப் போட்டு ஓடவிடுகிறார்கள், ஒருத்தருக்கும் பயனில்லை. போனதும் நல்லதுதான், பால்கோவா வாங்கிவந்தேன்.

வாங்கிவந்த காரணத்தைத் தனபாக்கியம் கேட்கவில்லை. தட்டில் வைத்துக் கையில் கொடுத்தாள். இப்போதெல்லாம் எதையும் மேஜையில் வைப்பதில்லை, கையில்தான் கொடுக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

இருபத்தெட்டாவது தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதலாளி, "ரிப்போட்டர் அண்ணாச்சி கையெழுத்து விழுந்திருச்சுல்ல, இனி கடவுளே வந்தாலும் மாத்த முடியாது" என்றார். டீ வந்தது. டம்ளரைத் தட்டிவிட்டேன், விளிம்பில் வைத்திருந்தார்கள்.

ஜூலை 14, திங்கள்

காலை 10.40. மாரீஸ்வரி என் மேஜைக்கு ஒரு தாளுடன் வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அடுத்த வருசம் குளிகை நேரத்துல என்ன செய்யணும் தெரியுமா?"

"என்ன?"

"வெந்நீரில் சீரகம் போட்டுக் குடிக்கவும்னு போட்டிருக்கு."

பிப்ரவரி 11, புதன்கிழமைத் தாள். விரலை வைத்துக் காட்டி அவளே படித்தாள். குளிகைக் கட்டத்தில் சீரகம். எமகண்டக் கட்டத்தில் 10.30 முதல் 12. ராகு காலக் கட்டத்தில் 7.30 முதல் 9. புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30 என்பது இந்த ஊரில் பால்காரருக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு மணி விசேஷக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது, தைப்பூசம் மாதிரி.

"ஒரு நாள்தானே?" என்றேன்.

"நூத்தித் தொண்ணூத்தாறு நாள் சார்."

அந்த எண் எனக்குத் தெரிந்த எண்.

அவளும் கற்பகமும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தூரத்தில் முகம் தெளிவாக இல்லை. மாரீஸ்வரி பொறுமையாகச் சொன்னாள்.

"ரெட்டைக் கோடு தப்பில்ல சார். அன்னைக்கு விசேஷம் கிடையாது, அதனால ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது. ரயில் பெட்டி மாதிரி வச்சுக்கங்க. ஆள் ஏறலைன்னாலும் பெட்டி போகணும். பெட்டியவே கழட்டிட்டா, அடுத்த பெட்டி அந்த இடத்துக்கு வந்துரும். எல்லாரும் தப்பான பெட்டியில ஏறிருவாங்க."

"நான் இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றேன்.

"வரியில பத்து விவரம் இருக்கான்னு எண்ணிப் பாக்கச் சொல்லி நான் எழுதியிருக்கணும் சார். அது என் தப்பு" என்றாள். சீரகத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

நான் போனபோது என் மேஜை ஜன்னலுக்கு அடியில் இருந்தது. மேலே ஒரு புது விளக்கு. யார் மாற்றியது என்று கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

மாரீஸ்வரி அரை நாளில் கோடுகளைத் திரும்பப் போட்டுவிட்டாள். ஒன்பது விவரம் உள்ள வரியைச் சாப்ட்வேரே தேடி, திதிக்குப் பிறகு ஒரு காலி இடம் விட்டுவிட்டது. முதலாளி 3 மணிக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"கோட்டை எடுத்தது யாரு?"

கற்பகம் தலைகுனிந்து நின்றாள். "நான்தான் மொதலாளி எடுத்தேன்."

"பதினோரு வருசமா இருக்க. தோசை திருப்பற மாதிரி நெனச்சா எடுக்கிறது, நெனச்சா போடுறதா?"

"தப்பு ஆயிருச்சு மொதலாளி."

நான் எடுக்கச் சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளி இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கற்பகம் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து மணி வரை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 16, புதன்

ஜூலை 17, வியாழன். ஆடி 1

நேற்று தேதியை மட்டும் எழுதி மூடிவிட்டேன். இன்று பார்த்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவனுக்கு, நேற்று ஒன்றும் நடக்கவில்லையா அல்லது நான் எழுதவில்லையா என்று தெரியாது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை மாரீஸ்வரி, "கோடு சரியாயிருச்சு சார், தாள் மறுபடி எடுத்துரலாமா? உங்க பழைய கையெழுத்தே செல்லுமா, திரும்பப் பாக்குறீங்களா?" என்று கேட்டாள். செல்லும் என்று சொல்லியிருக்கலாம். மிஷின் காத்திருக்கிறது, முதலாளி கோபம் ஆறிவிட்டது, கற்பகம் ஏச்சை வாங்கிக்கொண்டுவிட்டாள். யாரும் இனி ஒன்றும் கேட்கப் போவதில்லை.

ஆனால் குளிகைக் கட்டத்தில் சீரகத்தை நூற்றுத் தொண்ணூற்றாறு முறை பார்க்காதவன், மற்றக் கட்டங்களில் எதைப் பார்த்திருப்பான்? கோடு போனதைச் சாப்ட்வேர் கண்டுபிடிக்கும். ஜோசியர் நோட்டில் ரோகிணி என்றிருந்து தாளில் ரேவதி என்று வந்தால் அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நான். அந்தத் தாள் லட்சம் வீட்டுச் சுவரில் தொங்கும். அதைப் பார்த்துக் காதுகுத்து வைப்பார்கள், நிலைவாசல் வைப்பார்கள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று போய் முதலாளி அறைக்கதவைத் தட்டினேன். மாரீஸ்வரியையும் கற்பகத்தையும் கூப்பிடச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"கோட்டை எடுக்கச் சொன்னது நான். கற்பகம் கேட்டா, நான்தான் எடுன்னேன். அதோட, அந்த இருபத்தெட்டுத் தாளையும் நான் படிக்கல. எனக்கு எழுத்து தெரியல மொதலாளி. சித்திரை மாசத்துலேருந்து தெரியல. எப்பவும் இருக்கிற இடத்துல எப்பவும் இருக்கிறது இருக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். வேற ஆளைப் பாத்துக்கங்க."

முதலாளி கற்பகத்தைப் பார்த்து, "முந்தாநாள் ஏன்த்தா வாயை மூடிட்டு நின்ன?" என்றார்.

"சார் எங்க அப்பா இறந்தப்ப பேப்பர்ல பெரிசா போட்டாரு மொதலாளி. சார் தாளை மூக்குல ஒட்டி வச்சுப் பாக்கிறத ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாரீஸ்வரியும், "விளக்கு போட்டா சரியாயிரும்னு நெனச்சேன் சார்" என்றாள்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான் போல.

"ஊர்ச் செய்தியெல்லாம் முப்பது வருசம் எழுதினீரு," என்றார் முதலாளி. "சொந்தச் செய்திய இப்பத்தான் எழுதுறீரு, அதுவும் லேட்டா. வேற ஆளு எங்க இருக்கான் அண்ணாச்சி? எந்தக் கிழமைக்கு எந்த ராகுன்னு பாக்காமச் சொல்ற ஆளு எனக்கு வேணும். பதினேழு நாள் இருக்கு. என்ன செய்யலாம்னு சொல்லும்."

ஜூலை 18, வெள்ளி

வழி என்னிடமே இருந்தது. நிருபராக இருந்த முதல் பத்தாண்டு, செய்தியை மதுரை ஆபீசுக்குப் போனில் டிரங்கால் போட்டுத்தான் சொல்வேன். அந்தப் பக்கம் எழுதுகிறவருக்குப் புள்ளி, காற்புள்ளி, புதுப் பத்தி எல்லாம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை அவர் திரும்பப் படிப்பார். காதால் பிழை பிடித்துப் பழக்கம்.

செய்தி இல்லாத நாளிலும் போன் போட வேண்டும். "விருதுநகர். இன்று செய்தி இல்லை." அதைச் சொல்லாவிட்டால், செய்தி இல்லையா, லைன் செத்துவிட்டதா, நிருபர் செத்துவிட்டாரா என்று மதுரைக்குத் தெரியாது. பத்தாண்டு அப்படிச் சொன்னவன்தான் அந்தக் கோடுகளைத் தேவையில்லை என்று எடுத்திருக்கிறேன்.

மாரீஸ்வரியிடம் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாம அதையே செஞ்சிருவோம் சார். வெத்து இடம் விடவே வேண்டாம். காலின்னு எழுதியே வச்சிருவோம். அதோட, இனிமே வரிசையை நம்ப வேண்டாம். ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்துல அதோட பேரையும் சேத்தே டேட்டாபேஸ்ல வச்சிடறேன். ராகுன்னு பேர் போட்டது ராகு கட்டத்துக்குத்தான் போகும். முன்னாடி பின்னாடி யார் இருந்தாலும் இல்லாட்டாலும்."

"தாளில் காலின்னு அச்சாகிவிடாதே?"

"ஆகாது. அந்தச் சொல் நமக்கு மட்டும்தான். தாள்ல வெள்ளையாத்தான் இருக்கும்."

ஜூலை 22, செவ்வாய்

நான்கு நாளில் நூற்று முப்பது நாள் முடித்தோம். திரையைப் பார்த்து மாரீஸ்வரி படிக்கிறாள். ஜோசியர் நோட்டைக் கற்பகம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"விசேஷம், காலி. ராகு, ஒன்றரை மூணு. எமகண்டம், ஆறு ஏழரை."

"வியாழக்கிழமை. சரி."

டீ கொண்டுவந்த அம்மாள் வாசலிலேயே நின்று, "சாருக்கு மேலுக்கு முடியலையா? மந்திரிக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

இன்று அக்டோபர் ஒரு செவ்வாய்க்கிழமையில் மாரீஸ்வரி "ராகு, ஏழரை ஒன்பது" என்று படித்தாள். கையைத் தூக்கினேன். அது திங்கள் ராகு. பழைய ஆண்டு வரியைப் பார்த்து அடித்ததில் வந்த வினை. கோடு சரியாக இருந்தது, கட்டம் சரியாக இருந்தது, சங்கதிதான் தவறு. என் பழைய கையெழுத்தின் மேல் விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும்.

இதுவரை கோடு தவிர ஒன்பது பிழை.

ஜூலை 29, செவ்வாய்

முடிந்தது. மொத்தம் பதினான்கு பிழை. இந்த முறை தாளில் நான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மூவரும் போட்டோம். கற்பகம் வெட்கப்பட்டுக்கொண்டு சின்னதாகப் போட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

ஆல்பம் பூஜையில் வைத்தாயிற்று. சர்க்கரைப் பொங்கல். வத்திராயிருப்பிலிருந்து வந்த பாத்திரக்கடைக்காரர் செல்போனில் தன் கடைப் பெயரைப் போட்டு, பிப்ரவரி 11 தாளைத் திருப்பிப் பார்த்தார், தற்செயலாக. "எழுத்து நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தனபாக்கியமும் வந்திருந்தாள். முதலாளி அவளிடம், "மதனி, அண்ணாச்சிக்கு மதுரையில ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். புரைதானாம். ஒவ்வொரு கண்ணா எடுத்துருவாங்க. புதன்கிழமை மொதக் கண்ணு" என்றார்.

"ஆடியிலயா?"

"காலண்டர் அடிக்கிறவன் சொல்றேன் மதனி. கண்ணுக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது."

நேரம் பகல் பன்னிரண்டரை என்றார். நானும் மாரீஸ்வரியும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. ராகு காலம். தனபாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மாற்றிக் கேட்டாள். அந்த நேரம்தான் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவர் சொல்லச் சொல்ல நான், தனபாக்கியம், எழுதுகிறேன். கண்ணில் கட்டு, புள்ளி. நேற்று 12.40க்கு உள்ளே கூட்டிப்போய் 1.05க்கு வெளியே விட்டார்கள், புள்ளி. வலி இல்லை, புள்ளி. புதுப் பத்தி. கட்டைப் பிரித்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று நர்ஸ் கேட்டார், புள்ளி. அச்சுத் தாள் என்றேன், புள்ளி. தனபாக்கியம் முகம் மாறியிருக்கும், ஆனால் எனக்குத் தெரியவில்லை, புள்ளி.

(புள்ளியையெல்லாம் எழுத வேண்டாமாம். எழுதிவிட்டேன்.)

இதற்குக் கீழே நான் எழுதுவதை அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. சித்திரையிலேயே எனக்குத் தெரியும். காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, இன்று டிகாஷன் சரியில்லை என்றார். கேட்டால் இல்லை என்பார், பிறகு அந்த இல்லையைக் காப்பாற்றவே ஒரு வருடம் ஓட்டுவார். அதனால் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கட்டுப் பிரித்து நாலு நாளாகிறது. ஒரு கண்தான், ஆனாலும் போதும். முதலில் அச்சுத் தாளைப் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது தனபாக்கியத்தை. முன்நெற்றியில் இவ்வளவு நரை எப்போது வந்தது என்று கேட்டேன். நீங்கள் பார்க்காதபோது என்றாள்.

இந்த டைரியைத் தொடக்கத்திலிருந்து புரட்டினேன். டைரிக்காரன் மேல் குற்றமில்லை. பக்கம் அதே அளவுதான். ஜூன் முழுவதும் என் எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருக்கிறது, வரி மலையேறுகிறது. ஆகஸ்ட் 7 பக்கத்தின் அடிப்பகுதியையும் படித்தேன். படித்ததாக அவளிடம் சொல்லவில்லை. மாலை பஜாருக்குப் போனபோது, ரோடு நன்றாகத்தான் இருந்தது, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பத்தான் நல்லா தெரியுதே, என்னத்துக்கு?" என்றாள்.

"மேடு பள்ளம்" என்றேன்.

ஜூலை 16 பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதில் "காலி" என்று எழுதிவைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

திருத்தங்கல். இன்று விசேஷம் ஒன்றுமில்லை.